பன்னெண்டாவது கண்டிஷன்

அந்த மைக்காரன் பேசுதத கேட்டியளா அண்ணாச்சி? அடுத்ததாக, அடுத்ததாகன்னு வந்ததுலேருந்து சொல்லுதான், அடுத்தது என்னன்னு இன்னும் வந்தபாடில்ல. மைக்க வாய்க்குள்ள திணிச்சு வச்சுக்கிட்டுப் பேசுனா சத்தம் வராது, காத்துதான் வரும். ஒரு சாண் தள்ளிப் பிடிக்கணும். இத அவன்கிட்ட யாரு சொல்ல? நான் போயி சொல்லலாம். ஆனா நான் அந்த மேசைப் பக்கமே போகக் கூடாதுன்னு எழுத்துல இருக்கு. அக்ரிமெண்டு போட்டு கையெழுத்தும் வாங்கிட்டாவ. அதப் பொறவு சொல்லுதேன். இந்தாங்க, கடலை எடுத்துக்கிடுங்க, சூடா இருக்கு.

நீங்க மேட்ச்சு பாக்க வந்தியளா, இல்ல வெயிலுக்கு ஒதுங்குனியளா? எதுவா இருந்தாலும் வந்துட்டிய, இனி பாருங்க. அன்னா, நீல பனியன்ல ஏழாம் நம்பரு, வெளிய பெஞ்சுல குனிஞ்சு ஷூ கயிறு கட்டுதால்லா, அவ என் மருமவ. கூடப்பொறந்த அக்கா மவ. ஆவுடைச்செல்வி. பாளையங்கோட்டை காலேஜுல மூணாவது வருசம் படிக்கா.

என் பேரு பிரம்மநாயகம். நாயகம் சவுண்ட் சர்வீஸுன்னா முறப்பநாட்டுலேருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் தெரியும். கல்யாண வீடு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், கபடி, எதுன்னாலும் ஸ்பீக்கர் குழாயும் நானே கட்டுவேன், மைக்கும் நானே பிடிப்பேன். பேசுததுக்குத் தனியா ஆள் வைக்க வேண்டாம். அதுக்கும் மேல, நான் இவளுக்கு மேனேஜரு. சிரிக்காதிய. கார்டு இருக்கு பாருங்க, வச்சுக்கிடுங்க. பிள்ளைக்கு வெளம்பரத்துல வருமானம் வருது, அதப் பாத்துக்கிடுத ஆளு நான்தான்.

ரெண்டாவது வருசம் படிக்கையில யுனிவர்சிட்டி மேட்ச்சுல ஜெயிச்சு பேப்பர்ல படம் வந்துட்டு. அதப் பாத்துட்டு பொன்னரளி சில்க்ஸ் மொதலாளி ஆள் விட்டாவ. டவுன்ல நாலு மாடி ஜவுளிக்கடை. ஒரு வருசத்துக்கு எங்க கடைக்கு நீதான் முகம், போர்டுல படம் வரும், டி.வி.யில வெளம்பரம் வரும்ன்னாவ. பிள்ள என்கிட்ட வந்து, "என்ன செய்ய மாமா?"ன்னா. "நீ ஆடு தாயி, காச மாமா பாத்துக்கிடுதேன்"ன்னேன். அன்னையிலேருந்து நான் மேனேஜரு. அவ அப்பா, எங்க அத்தான், மும்பையில இட்லிக் கடை போட்டிருக்காவ, தீவாளிக்குத்தான் ஊருக்கு வருவாவ. பொறுப்பான ஆளு ஒருத்தன் வேணும்லா வீட்டுக்கு?

வெளம்பரம் எடுத்ததை நீங்க பாத்திருக்கணும். இவளுக்குப் பட்டுச்சேலையைக் கட்டி, ஒட்டியாணத்தை மாட்டி, கபடி கபடின்னு பாடிப் போகச் சொன்னாவ. எதிர்ல நிக்க நாலு மாடல் பிள்ளைகளும் பட்டுச்சேலைதான். நாலு பேரும் சும்மா தொட்டுப் பிடிக்க மாதிரி நடிக்கணும். இவளுக்குப் பழக்கதோசம் போகுமா? பிடிச்ச நாலு பேரையும் இழுத்துக்கிட்டு கோட்டுக்கு வந்து விழுந்துட்டா. கொசுவம் ஒரு பக்கம், சவுரி ஒரு பக்கம். அந்தப் பிள்ளைக அழ ஆரம்பிச்சுட்டு. டைரக்டரு அதையே வெளம்பரத்துல வச்சுக்கிட்டாரு. இழுத்தாலும் கிழியாத பட்டுன்னு கீழ எழுதிப் போட்டாவ.

மொதத் தவணை செக்கு வந்துது. பாத்தா, பேசுனதுல பத்துல ஒரு பங்கு கொறையுது. எனக்கு வந்துதே கோவம். நேரே கடைக்குப் போயி கணக்குப்பிள்ளைய வெளிய கூப்பிட்டேன். "வரிப் பிடித்தம்"ங்கான். "யாரு வீட்டுப் பிள்ளை காச யாருவே பிடிக்கது?"ன்னு நாலு மாடிக்கும் கேக்க ஒரு சத்தம் போட்டேன். எனக்கு மைக்கு தேவையில்ல அண்ணாச்சி, சும்மாவே கேக்கும். பொறவு இவ ஓடி வந்து என்னையக் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டா. ஆனா பாருங்க, அடுத்த வருசம் இவ காலேஜுல யாரோ சொன்னாவன்னு வருமான வரிக்கு என்னமோ தாக்கல் பண்ணுனா, பிடிச்ச காசு முழுசும் பாங்குல வந்து விழுந்துட்டு. நான் அன்னைக்குப் போட்ட சத்தம் அப்பதான் வேலை செஞ்சிருக்கு. கவர்மெண்டுல எல்லாமே மெதுவாத்தான.

காலேஜுல மெர்சி மேடம்ன்னு ஒருத்தங்க இருக்காவ. காமர்ஸ் டீச்சர். இப்படி வெளம்பரத்துல சம்பாதிக்க ஆட்டக்காரப் பிள்ளைகளுக்குன்னு சனிக்கிழமை சாயங்காலம் ஒரு கிளாஸ் எடுக்காவ. முழுசா வாசிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாத. வந்த காசுல வரிக்கு எடுத்து வையி, ஒடம்புக்கு எடுத்து வையி, பொறவுதான் செலவு. ஆட்டக்காரிக்கு முட்டி தாங்குத வரைக்கும்தான் சம்பாத்தியம், முட்டி போனா பொன்னரளியும் போகும். இதுதான் பாடம். நானும் போயி கடைசி பெஞ்சுல உக்காருவேன். யாரும் கூப்பிடல, மேனேஜருக்குத் தெரிய வேண்டாமா? ஒரு நாள் மேடம் என்னைய எந்திரிக்கச் சொல்லி, "ஐயா, மொதத் தவணைய நீங்க என்ன செஞ்சியன்னு பிள்ளைகளுக்குச் சொல்லுங்க"ன்னாவ. நான் ஒண்ணு விடாம சொன்னேன். பிள்ளைக அத்தனையும் குனிஞ்சு எழுதிக்கிட்டு. "உங்கள மாதிரி ஒரு ஆளு கிளாஸுல இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்"ன்னாவ மேடம். படிச்சவுகளுக்கு ஆளு அருமை தெரியும்.

மொதத் தவணைய என்ன செஞ்சேனா? ஊருக்கு நல்லதுதான் செஞ்சேன். பிள்ளை டி.வி.யில வந்துட்டா, ஊருக்கு ஒரு சாப்பாடு போடாண்டாமா? ரெண்டு கெடா வெட்டி பந்தி போட்டேன். பஸ் ஸ்டாண்டுல பெரிய பிளெக்ஸு ஒண்ணு வச்சேன். அதுல என் படம் கொஞ்சம் பெருசா விழுந்துட்டு, அவ படம் கீழ மூலையில ஸ்டாம்பு சைஸுக்கு ஆயிட்டு. அது கம்ப்யூட்டர்காரன் செஞ்ச தப்பு. நான் கூலிங் கிளாஸ் போட்ட படத்தக் குடுத்தேன், அத எப்படி அவன் சின்னதாக்குவான்? பிள்ளை பாத்தா. இடுப்புல கையை வச்சு நின்னு பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "மாமா, இதுல யாரு கபடி ஆடுதது?"ன்னா. கோவமே படல. மக்கா நாளே பாங்குக்குப் போயி, கணக்குல இருந்த என் போன் நம்பரை எடுத்துட்டு அவ நம்பரைப் போட்டுக்கிட்டா. மெசேஜு வந்து வந்து மாமாவுக்குத் தொந்தரவா இருக்கும்னு நெனச்சிருக்கா. அவ்வளவு அக்கறை.

அன்னா, நம்ம பிள்ளைகளுக்கு ஒரு பாயிண்டு. கை தட்டுங்க அண்ணாச்சி. இந்த மைக்காரன் பாத்தியளா, பாயிண்டு எடுத்தவ பேரையே விட்டுட்டான். வெளங்கிரும்.

இப்ப நடந்த கதைக்கு வாரேன். போன பங்குனியில எங்க ஊருக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு பொம்பளப் பிள்ளைக கபடி. ஆவுடை காலேஜு டீமும் வந்திருந்துது. குழாய் என்னுது, மைக்கு என்னுது, பேச்சும் என்னுது. எங்க பக்கத்துல பழக்கம் என்னன்னா, யாராவது நல்லா ஆடிட்டா கூட்டத்துலேருந்து ஒருத்தர் நோட்டை நீட்டுவாரு. சீட்டுல பேர எழுதி மேசைக்கு வரும். மைக்காரன் பேர மட்டும் வாசிச்சா போதாது. குடுத்தவரு என்ன கடை, கடைக்கு என்ன பெருமை, எல்லாம் சேத்து எடுத்து விடணும். அதுதான் மரியாத. இல்லன்னா அடுத்த நோட்டு வராது.

அன்னைக்கு ஆவுடை ஒரே ரெய்டுல மூணு பேரைத் தொட்டுட்டு வந்துட்டா. முன்வரிசையில இருந்த ஒருத்தரு எந்திரிச்சு ஐநூறு ரூபா குடுத்தாரு. சீட்டு வந்துது. அந்திமந்தாரை டெக்ஸ்டைல்ஸ். பொன்னரளிக்கு நேர் எதிர்த்த கடை, ரெண்டு கடைக்கும் ஏழாம் பொருத்தம். மைக்கு கையில இருக்கும்போது அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வருது? குடுத்த மனுசனை வெறுங்கையோட அனுப்ப முடியுமா? "நமது கபடி ராணி ஆவுடைச்செல்வி அன்றும் இன்றும் என்றும் ஆசையோடு அணிவது அந்திமந்தாரை சேலைகளையே"ன்னு எடுத்து விட்டேன். எப்படி வந்து விழுந்துது பாத்தியளா? கைதட்டு நிக்கல.

ஆவுடை அப்ப அடுத்த ரெய்டுல எதிராளிக பக்கத்துக்குள்ள நிக்கா. பாடிக்கிட்டு இருந்தவ பாட்ட விட்டுட்டு என்னையவே பாத்தா. அதுதான் சாக்குன்னு மிச்சம் இருந்த எதிராளிப் பிள்ளைக அத்தனை பேரும் மேல விழுந்து அமுக்கிட்டாளுவ. ஆவுடைச்செல்வி அவுட்டுன்னும் நான்தான் மைக்குல சொன்னேன். யாரா இருந்தா என்ன, உள்ளதச் சொல்லணும்லா.

எழவு, அத எவனோ போன்ல பிடிச்சுட்டான். விடியுததுக்குள்ள ஊரெல்லாம் சுத்தி பொன்னரளி மொதலாளி கைக்கும் போயிட்டு. அடுத்த வருச அக்ரிமெண்டு அந்த வாரம்தான் போடுததா இருந்துது. மொதலாளி போன் போட்டு, வேற ஜவுளிக்கடைக்குப் பேசக் கூடாதுன்னு கண்டிஷன் இருக்குல்லா, இனிமே உனக்கும் எங்களுக்கும் ஒண்ணும் இல்லைன்னுட்டாவ.

அப்பதான் எங்க அக்கா ஒரு விசயத்தைச் சொல்லுதா. பிள்ளைக்கு முட்டியில ஜவ்வு லேசாக் கிழிஞ்சிருக்காம். ஆறு மாசமா வலியோடதான் ஆடிருக்கா. ஆபரேசன் இல்லாம சரியாக்கலாம், ஆனா வாராவாரம் திருநெல்வேலியில ஒரு டாக்டர்கிட்ட போயி பயிற்சி எடுக்கணும், லேசுப்பட்ட செலவு இல்லன்னு சொல்லிருக்காவ. அதுக்குத்தான் அந்த அக்ரிமெண்டு காச எதிர்பாத்திருக்கா. காசு வரலன்னா மருத்துவம் கெடையாது, மருத்துவம் இல்லன்னா ஆட்டம் கெடையாது. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. சொல்லிருந்தா நான் மைக்குலயே அறிவிச்சு நிதி திரட்டிருப்பேன். அதான் சொல்லலையோ என்னமோ.

எனக்குச் சோறு எறங்கல. வந்து சண்டை போடுவான்னு இருந்தேன். பிள்ளை வந்தா. சீப்பெடுத்து என் தலையைச் சீவி விட்டு, "சட்டையை மாத்துங்க மாமா, கடைக்குப் போயிட்டு வருவோம்"ன்னா. "நான் எதுக்குத் தாயி? மாமாவுக்கு மண்டையில கோட்டி பிடிச்சுட்டுன்னு சொல்லிரு, அதோட முடிஞ்சுது"ன்னேன். "அப்படிச் சொல்ல மாட்டேன். மேனேஜருன்னு ஊரெல்லாம் கார்டு குடுத்திருக்கியள்லா? அப்ப நீங்க பேசுனா நான் பேசுன மாதிரிதான். வாங்க"ன்னா. சட்டையை மாத்திக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

மொதலாளி மூணாவது மாடியில ஏசி ரூமுல இருந்தாவ. எனக்கு மட்டும் நாற்காலி போடல. இவ உக்காரல, என் பக்கத்துல நின்னுக்கிட்டா. "தப்பு எங்க பேர்லதான் மொதலாளி. கண்டிஷனை நான் வாசிச்சேன், வாசிச்சதை மாமாவுக்குச் சொல்லிருக்கணும், சொல்லல. ஆடித் தள்ளுபடிக்கு ஒரு வாரம் கடை வாசல்ல வந்து நிக்கேன், அதுக்குத் துட்டு வேண்டாம்"ன்னா. மொதலாளி யோசிச்சாவ. அவுக கெட்ட மனுசன் இல்ல. "நீ நல்ல பிள்ளைம்மா. அடுத்த வருசத்துக்குக் கூட்டியே தாரேன். ஆனா இந்த ஆள மாத்திட்டு வா. இவரு இருந்தா என் கடை தாங்காது"ன்னு என்னையக் கையக் காட்டுனாவ.

சரின்னு சொல்லிரு தாயின்னு நெனச்சேன், சொல்லிருவாளோன்னும் பயந்தேன். ரெண்டும் ஒண்ணா இருந்துது. மேனேஜர் இல்லன்னா நான் என்ன, குழாய் கட்டுதவன்.

அவ சொன்னா: "பொம்பளப் பிள்ளைக்கு என்ன டவுசரு, என்ன கபடின்னு எங்க ஊருல வாய் பேசாத ஆளு கெடையாது. மாமாதான் ஆல மரத்துல குழாயைக் கட்டி, எங்க ஆவுடை, எங்க ஆவுடைன்னு நாள் பூரா கத்துனாவ. அந்தச் சத்தத்துல மத்தவன் வாய் ஒண்ணும் எங்க அம்மா காதுல விழல. அப்படித்தான் நான் ஆட வந்தேன். இந்த வாய் இல்லன்னா என் மூஞ்சி உங்க போர்டுல வந்திருக்காது மொதலாளி. வாய்க்குப் பூட்டு வேணும்னா போடுதேன். ஆள மாத்த மாட்டேன்."

நான் அழுதுட்டேன். சவம், எதுக்குப் பொய் சொல்லணும், மூக்கச் சிந்தி அழுதேன். மொதலாளி என்னையப் பாத்தாவ, இவளப் பாத்தாவ. "என்ன பூட்டும்மா போடுவ?"ன்னாவ. இவ கணக்குப்பிள்ளைகிட்ட பேனாவை வாங்கி அக்ரிமெண்டுல கடைசிக் கண்டிஷனுக்குக் கீழ அவளே எழுதுனா. மெர்சி மேடம் கிளாஸு சும்மாவா? பொறவு டைப் அடிச்சு வந்துது. எனக்கு மனப்பாடம்: "பன்னிரண்டு. வீராங்கனை ஆடும் எந்த மைதானத்திலும் அவருடைய மேலாளர் திரு. பிரம்மநாயகம் அவர்கள் ஒலிபெருக்கியைத் தொடவோ, அறிவிப்பாளர் மேசையை நெருங்கவோ கூடாது." மொதலாளி வாசிச்சுட்டுச் சிரிச்ச சிரிப்பு கீழ சேலை எடுத்துக்கிட்டு இருந்தவுகளுக்கெல்லாம் கேட்டிருக்கும். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாவ. எனக்கு நாற்காலியும் காப்பியும் வந்துது.

திருன்னு போட்டிருக்கு, அவர்கள்ன்னு போட்டிருக்கு. எத்தனையோ ஆட்டக்காரங்களுக்கு மேனேஜரு இருக்கான், எவனுக்காவது அக்ரிமெண்டுல தனியா ஒரு கண்டிஷன் உண்டா? நாலு மாடிக் கடைக்காரன் என் குரலுக்கு அவ்வளவு பயந்திருக்கான். பிரேம் போட்டு வீட்டுல மாட்டிருக்கேன், வந்தா காட்டுதேன்.

இப்ப எனக்கு மாசச் சம்பளம், பாங்குல விழுந்துருது. வேலை என்னன்னா, வெள்ளிக்கிழமை அவள வண்டியில டாக்டர்கிட்ட கொண்டு விட்டுட்டு வாசல் டீக்கடையில உக்காந்திருக்கணும், முடிஞ்சதும் கூட்டிட்டு வரணும். சனிக்கிழமை கிளாஸுக்கு வரணும், அது கட்டாயமாம். மேனேஜர் வேலை முன்னைக்கு இப்ப ரொம்பக் கூடிட்டு.

அந்தக் கண்டிஷன் வந்த பொறவு மொத மேட்ச்சு இதுதான். மைக்கு இல்லாம நான் கபடிக்கு வந்து உக்காருதது இன்னைக்குத்தான். வந்ததுலேருந்து கையி என்ன செய்யன்னு தெரியாம இருந்துது, அதான் கடலை வாங்குனேன். உங்களையும் பிடிச்சுக்கிட்டேன்.

ஒண்ணு சொல்லட்டுமா? யார்கிட்டயும் சொல்லாதிய. இவ ஆடி நான் பாத்ததே இல்ல. சிரிக்காதிய, நெசமா. இவ சின்னப் பிள்ளையா ஆட ஆரம்பிச்சதுலேருந்து நம்ம ஊருப் பக்கம் நடந்த எல்லா மேட்ச்சுக்கும் நான் இருந்திருக்கேன். ஆனா மேசையில குனிஞ்சு சீட்டு வாசிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். கூட்டம் கத்துததை வச்சு பாயிண்டு வந்துட்டுன்னு தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு ஏத்த மாதிரி பேசிருவேன்.

அன்னா பெஞ்சுலேருந்து எந்திரிச்சுட்டா, இன்னைக்கு இப்பதான் உள்ள எறக்குதாவ. ஸ்கோரு சமமா இருக்கு, நேரமும் முடியப் போகுது. நம்ம பிள்ளைக போன ரெண்டு ரெய்டும் தொடாம வந்துட்டு, மூணாவதான இதுலயும் தொடாம வந்தா இவ அவுட்டு, மேட்ச்சும் போச்சு. ஐயோ, எடது முட்டியில உறை போட்டிருக்கா பாருங்க. எடது முட்டியா? நான் வலதுன்னுல்லா நெனச்சுக்கிட்டு இருந்தேன். வாராவாரம் கூட்டிட்டுப் போறேன், எந்த முட்டின்னு கேக்கல பாருங்க.

மண்ணக் கும்பிட மாதிரி கோட்டத் தொட்டுக் கும்பிடுதா. அவசரமே படல. சந்தைக்குப் போறவ மாதிரி பைய நடந்து போறா. எடது காலை முன்னால வைக்காம, வலதையே வச்சு வச்சு... அந்தக் கால எவளும் பிடிச்சுறக் கூடாதுன்னு எப்படி ஒளிச்சு வச்சுருக்கா பாத்தியளா. இப்படியா ஆடுவா இவ? இத்தனை நாளா இப்படியா ஆடிருக்கா?

என்ன கேக்கிய? எதிர்ல ஆடுதது எந்த டீமா? பொறவு சொல்லுதேன் அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. கொஞ்சம் பேசாம இருங்க. பிள்ள பாடிப் போறா.